கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருப்பவர் டாக்டரா?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை போனீங்கன்னா "கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்" என்று எழுதிய போர்டு கண்ணில் படாமல் இருக்காது. உள்ளே போனால் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் இருப்பார். நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு மெஷினுக்குள் பலூன் படத்தைப் பார்க்கச் சொல்லி, இரண்டு நிமிடத்தில் ஒரு சீட்டு கிழித்துக் கொடுப்பார். நாமும் "டாக்டர் பவர் ஏறிடுச்சுன்னு சொல்லிட்டார்" என்று வீட்டில் வந்து சொல்வோம். அவர் டாக்டரா? இல்லை என்றால் அவர் யார்? அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது? இதைக் கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருந்தேன். இது என் துறை இல்லை, நான் சாஃப்ட்வேர்காரன். ஆனால் ஒரு கருவியின் அவுட்புட்டை எவ்வளவு நம்பலாம் என்பது எந்தத் துறைக்காரனுக்கும் வரக்கூடிய கேள்விதானே.

முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்வோம். கண் மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் கண்ணுக்கென்றே எம்.எஸ். அல்லது டி.என்.பி. மாதிரி மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுவார், ஆபரேஷன் செய்வார். ஆப்டோமெட்ரிஸ்ட் வேறு. மருத்துவப் படிப்பு இல்லை, ஆனால் கண்ணை மட்டுமே நான்கு வருடம் படித்தவர், அதில் கடைசி வருடம் முழுக்கப் பயிற்சி. சென்னை சங்கர நேத்ராலயா 1985-ல் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி இந்தப் படிப்பை நம் நாட்டில் வேரூன்ற வைத்த இடங்களில் முக்கியமானது. மூன்றாவது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் கண் மருத்துவ உதவியாளர். இவர் இரண்டு வருட டிப்ளமா படித்தவர். பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து எழுத்துப் பலகை காட்டுவது பெரும்பாலும் இவர்தான். நான்காவது, ஆப்டீஷியன். சீட்டில் உள்ளபடி லென்ஸ் வெட்டி, ஃபிரேமில் பொருத்தி, மூக்கில் சரியாக உட்கார வைப்பவர். அதுவும் ஒரு நுட்பமான தொழில்தான், ஆனால் கண்ணைச் சோதிக்கும் தொழில் இல்லை.

சிக்கல் என்னன்னா, கண்ணாடிக் கடை நாற்காலியின் எதிரே இந்த நாலு பேரில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். கோட்டு ஒரே நிறம்தான்.

இப்போது அந்த பலூன் மெஷினுக்கு வருவோம். அதன் பெயர் ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டர். கண்ணுக்குள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது விழித்திரையில் பட்டுத் திரும்பி வருவதை அளந்து பவரைக் கணக்கிடுகிறது. நல்ல கருவி. ஆனால் அது தருவது ஒரு ஆரம்ப மதிப்பு, விடை இல்லை. முக்கியமாகக் குழந்தைகளிடம் ஏமாந்துபோகும். குழந்தையின் கண் லென்ஸ் ரொம்ப இளக்கம், பத்து டயாப்டருக்கு மேல்கூடத் தன்னைத்தானே குவித்துக்கொள்ளும். பலூன் தூரத்தில் இருக்கிற மாதிரி காட்டினாலும், மெஷின் பக்கத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும். உடனே கண் கிட்டத்துக்குக் குவியும். மெஷின் அதைக் கிட்டப்பார்வை என்று எடுத்துக்கொண்டு, இல்லாத மைனஸ் பவரைக் காட்டிவிடும். இதனால்தான் ஒழுங்கான இடங்களில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, அந்தக் குவிக்கும் தசையைத் தற்காலிகமாக ஓய வைத்து, பிறகு சோதிக்கிறார்கள். சொட்டு விடாமல் ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் கண்ணாடி எழுதிக் கொடுத்தால், ஒரு கேள்வி கேட்பது நல்லது.

படித்த ஆப்டோமெட்ரிஸ்ட் மெஷினை மட்டும் நம்பமாட்டார். கையில் ரெட்டினோஸ்கோப் என்று ஒரு சின்ன டார்ச் மாதிரி வைத்திருப்பார். அதன் ஒளிக்கீற்றைக் கண்மேல் பக்கவாட்டில் அசைப்பார். பாப்பாவுக்குள் தெரியும் செம்மஞ்சள் ஒளி எந்தப் பக்கம் நகருகிறது என்று பார்ப்பார். கீற்றோடு சேர்ந்து போனால் ஒரு பொருள், எதிர்த்திசையில் போனால் வேறு பொருள். நடுவில் லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்து, அந்த நகர்வே நின்று, பாப்பா முழுக்கச் சட்டென்று ஒளிரும் இடத்தைக் கண்டுபிடிப்பார். அவர் 67 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், வந்த விடையிலிருந்து 1.5 டயாப்டரைக் கழித்தால் கண்ணின் பவர். இதில் நோயாளி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. பேசத் தெரியாத கைக்குழந்தைக்கும், எழுத்து தெரியாத பாட்டிக்கும் பவர் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

அதற்குப் பிறகுதான் "இது தெளிவா, அது தெளிவா?" விளையாட்டு. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். நம்ம பைனரி சர்ச்தான்! இரண்டு லென்ஸ் காட்டி எது மேல் என்று கேட்டு, பாதி வழியை வெட்டி, மறுபடி கேட்டு, இரண்டும் ஒரே மாதிரி என்று நீங்கள் சொல்லும் இடத்தில் நிறுத்துவார்கள். "தெரியலைங்க" என்று பதில் சொல்ல நிறைய பேர் தயங்குகிறார்கள், ஏதோ பரீட்சையில் தோற்கிற மாதிரி. "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பதுதான் அவர் காத்திருக்கும் பதில்.

சரி, பவர் கண்டுபிடிப்பது இவ்வளவுதான் என்றால் நான்கு வருடம் எதற்கு? என் கணக்கில் ஆப்டோமெட்ரிஸ்ட்டின் உண்மையான திறமை வேறு இடத்தில் இருக்கிறது. மங்கலாகத் தெரிகிறது என்று வருபவர்களில் யாருக்குக் கண்ணாடி போதும், யாருக்குப் போதாது என்று பிரிப்பதில்.

இதற்கான முதல் சோதனை காசே ஆகாத ஒன்று. ஒரு கறுப்பு அட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பலகையைப் படிக்கச் சொல்வது. ஓட்டை வழியே நேராக வரும் மெல்லிய ஒளிக்கற்றை மட்டும் உள்ளே போவதால், கண்ணின் குவியக் குறை பெரிதாகப் பாதிக்காது. ஓட்டை வழியாகப் பார்த்ததும் எழுத்து தெளிந்தால், பிரச்சினை பெரும்பாலும் பவரில். தெளியவே இல்லையென்றால் புரை, விழித்திரை, நரம்பு, ஏன் சோம்பேறிக் கண்ணாகக்கூட இருக்கலாம். வெறும் கண்ணாடி மாற்றி அனுப்பினால் ஆபத்து. ஒரு இஃப்-எல்ஸ், அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு கிளையில் எவ்வளவு தொங்குகிறது பாருங்க.

அடுத்தது, பவர் ஏன் மாறியது என்ற கேள்வி. பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா, எழுபதைத் தொட்டபோது, "கண்ணாடி இல்லாமலே காலண்டர்ல நாள் நட்சத்திரம் படிக்கிறேன், பாரு" என்று பெருமையாகச் சொன்னார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கண்ணைச் சோதித்த பெண் சிரித்துக்கொண்டே, "அம்மா, தூரத்துல பஸ் போர்டு தெரியுதாங்க?" என்று கேட்டார். தெரியவில்லை. லென்ஸின் நடுப்பகுதி புரை விழுந்து கெட்டியாகும்போது அதன் குவிக்கும் சக்தி கூடும், கண் கிட்டப்பார்வைப் பக்கம் சாயும். அதனால் கிட்டத்து எழுத்து கண்ணாடி இல்லாமலே தெரிய ஆரம்பிக்கும். கண் குணமாகவில்லை, புரை வளர்கிறது.

சர்க்கரையும் இதே மாதிரி ஆட்டம் காட்டும். ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கினால் கண் லென்ஸில் உள்ள நீர் அளவு மாறி, பவரும் சில வாரங்களுக்கு மாறிக்கொண்டே இருக்கும். புதிதாகச் சர்க்கரை கண்டுபிடித்து மாத்திரை ஆரம்பித்தவருக்கு அந்த வாரமே கண்ணாடி போட்டால், சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு அந்தக் கண்ணாடி உதவாது. நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் "சுகர் இருக்கா?" என்று கேட்பார். "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று வியாபாரத்தைத் தள்ளிப்போடுவார். கடைக்காரர் தள்ளிப்போடுவாரா என்பது உங்கள் ஊகத்துக்கு.

இனி கிளாக்கோமா. கண் நீர் அழுத்த நோய் என்று தமிழில் சொல்கிறோம். வலிக்காது, சிவக்காது. பார்வை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும், நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும். அதனால் எழுத்துப் பலகையில் 6/6 வாங்கிவிட்டு, உள்ளே நரம்பு தேய்ந்துகொண்டிருக்கலாம். அழுத்தம் மட்டும் அளந்தாலும் போதாது. 10 முதல் 21 வரை சாதாரணம் என்பார்கள், ஆனால் அந்த வரம்புக்குள்ளேயே நரம்பு கெட்டுப் போகிறவர்களும் நிறைய. அதனால் கண்ணின் பின்பக்கம் நரம்புத் தட்டைப் பார்த்தே ஆக வேண்டும். தட்டின் நடுவில் உள்ள குழி எவ்வளவு அகலம், இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் உண்டா என்று பார்ப்பது பயிற்சி எடுத்த கண்ணுக்குத்தான் வரும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் மாவட்டங்களில் 40 வயது கடந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரைச் சோதித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில் 2.6 சதவீதம் பேருக்கு கிளாக்கோமா இருந்தது. அதில் பொதுவான வகை உள்ளவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதுவரை அப்படி ஒரு நோய் இருப்பதே தெரியாது. நாற்பது பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பிய ஒரு டவுன் பஸ்ஸில் பெரியவர்களை மட்டும் எண்ணினால் ஒருவராவது தேறுவார். நாற்பது வயதில் வெள்ளெழுத்து வந்து எல்லோரும் எப்படியும் கண்ணாடி வாங்கப் போகிறார்கள். அந்த ஒரு தடவை எதிரே இருப்பவர் உள்ளே எட்டிப் பார்த்தால் போதும். பார்ப்பவர் இல்லையென்றால் பொதுவாக அடுத்த வாய்ப்பு, ஒரு கண் போன பிறகுதான்.

நம் மாவட்டத்துக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று கருவிழிப் புண். பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது, சுற்றிலும் கரும்பு. கரும்புத் தோகை, நெல் கதிர், சோளத் தட்டு எது கண்ணில் கீறினாலும் முதலில் யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டார்கள். தாய்ப்பால் விடுவது, ஏதாவது இலைச்சாறு பிழிவது, நாக்கால் தூசி எடுப்பது எல்லாம் நடக்கும். அடுத்த நாள் மெடிக்கல்ல போய், "அண்ணா, கண்ணு செவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்பார்கள். அங்கே ஸ்டீராய்டு கலந்த சொட்டு கிடைத்துவிட்டால்தான் வினை. சிவப்பு உடனே குறையும், வலி குறையும், மருந்து வேலை செய்கிறது என்று நம்பிக்கை வரும். கீறலில் பூஞ்சை நுழைந்திருந்தால், அதை எதிர்க்கும் உடம்பின் படையை ஸ்டீராய்டு கட்டிப்போட்டுவிடும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும். மதுரையில் 1994-ல் மூன்று மாதம் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்ததில், கிருமி வளர்ந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதி. மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் அடிபட்ட வரலாறு இருந்தது. குளிர்நாடுகளில் பூஞ்சைப் புண் அபூர்வம், அதனால் அங்கே எழுதிய புத்தகத்தை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது.

இங்கே ஆப்டோமெட்ரிஸ்ட் என்ன செய்ய முடியும்? ஸ்லிட் லேம்ப்பில் பார்த்து, மஞ்சள் சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் பார்த்தால், தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். வெறும் கீறலா, வெண்மையாகப் புண் கட்டிவிட்டதா, ஓரம் இறகு மாதிரி பிசிறாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். வெறும் மெட்ராஸ் ஐ-யா என்பதும் தெரியும். மருந்து கொடுப்பது அவர் வேலை இல்லை. அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்புவது அவர் வேலை. "ரெண்டு நாள் பாத்துட்டுப் போங்க" என்பது இந்த நோயில் மிக விலை உயர்ந்த ஆலோசனை. நேபாளத்தில் பக்தபூரில் கிராம சுகாதாரப் பணியாளர்களை வைத்தே ஒரு ஆய்வு செய்தார்கள், 2001-ல் வந்தது. கண்ணில் கீறல் பட்ட 442 பேருக்கு உடனே ஆன்டிபயாடிக் களிம்பு போட்டதில் 96 சதவீதம் பேருக்குப் புண்ணாகாமலே ஆறியது. கீறல் பட்டு 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. மருந்து சாதாரணமானதுதான். கணக்கு முழுக்க நேரத்தில். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருப்பவருக்கு 18 மணி நேரம் என்பது எவ்வளவு என்று பஸ் டைமிங் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

ஆப்டோமெட்ரிஸ்ட்டே முன்னின்று வைத்தியம் பார்க்கக்கூடிய நோய்களும் உண்டு. சோம்பேறிக் கண் அதில் முதல். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம் இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ, மூளை அந்தக் கண்ணின் படத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கண் நன்றாகவே இருக்கும், பார்க்கக் கற்றுக்கொள்ளாது. வைத்தியம் என்பது சரியான கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒட்டு போட்டு மறைத்து, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்குவது. மிதமான பாதிப்புக்குத் தினம் இரண்டு மணி நேரம் மறைத்தாலே ஆறு மணி நேரத்துக்குச் சமமான பலன் என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2003-ல் காட்டியது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் ஏழெட்டு வயதுக்குள் ஆரம்பிக்க வேண்டும், அதற்குப் பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். நம்மூரில் "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு ஒன்றும் குறை தெரியாது, புகாரும் சொல்லாது. ஒரு கண்ணை மூடி டி.வி. பார்க்கச் சொல்லி, அடுத்த கண்ணை மூடி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே செய்யலாம். 2009-ல் தமிழக அரசு தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனையும் இலவசக் கண்ணாடியும் உண்டு. ஆனால் பள்ளியில் சேரும் முன்பே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்ட் சொட்டு மருந்து எழுதலாம், கிளாக்கோமாவுக்கும் வைத்தியம் பார்க்கலாம். ஒவ்வொரு மாநிலமாகப் பல பத்தாண்டு சண்டை போட்டு வாங்கிய உரிமை அது. கிளாக்கோமா விஷயத்தில் கடைசியாக வழிக்கு வந்தது மாசசூசெட்ஸ், 2021-ல். ஓக்லஹோமாவில் 1998 முதலே சில லேசர் சிகிச்சைகூட செய்கிறார்கள், அதற்குக் கண் மருத்துவர்களின் எதிர்ப்பு இன்றும் ஓயவில்லை. இந்தியாவில் அப்படி இல்லை. மருந்துச் சீட்டு மருத்துவருக்கு மட்டுமே. ரொம்ப நாள் இங்கே ஆப்டோமெட்ரிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்ற நிலைமைதான். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் அந்தப் பெயரைச் சட்டத்தின் பட்டியலில் ஏற்றி, படிப்புக்கும் பதிவேட்டுக்கும் வழி செய்தது.

மருந்து எழுதும் உரிமையை இங்கேயும் கொடுக்கலாமா என்றால், என் கருத்து: இப்போதைக்கு வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு சொட்டு கேட்டால் கிடைக்கும் ஊரில், எழுதுபவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் விற்பவரைக் கட்டுப்படுத்துவதுதான் முறை. அதைவிட நடைமுறையான வழி ஒன்று தமிழ்நாட்டிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த், பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பவர் பார்ப்பது, அழுத்தம் அளப்பது, படம் எடுப்பது எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்தது. பிறகு சின்ன ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்து, அங்கே அந்தப் பெண்களை உட்கார வைத்து, மருத்துவரை வீடியோவில் கொண்டுவந்தார்கள். 2000-களின் நடுவில் கிராமத்தில் வீடியோவுக்கு ஏற்ற இணையம் ஏது? பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் தேனியில் சாதாரண வைஃபையை மைல் கணக்கில் இழுத்தார்கள். வைஃபை வீட்டுக்குள் வேலை செய்யப் பிறந்தது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் "வந்துவிட்டது" என்ற பதில் சில பத்து மைக்ரோ நொடியில் வராவிட்டால், தொலைந்துபோனதாக எண்ணி மறுபடி அனுப்பும். 15 கிலோமீட்டரில் ஒளி போய்த் திரும்பவே 100 மைக்ரோ நொடி. அதனால் மொத்தமாக அனுப்பி மொத்தமாகப் பதில் வாங்குவது, இரு முனையும் முறை வைத்துப் பேசுவது என்று புரோட்டோகாலையே மாற்றி எழுதினார்கள். 2007-ல் அந்தக் கட்டுரை வந்தது. நெட்வொர்க் படித்தவர்கள் தேடிப் படிக்கலாம், சுவாரசியம் குறையாதது.

இப்போது பேச்சு ஏ.ஐ. பக்கம் போய்விட்டது. கூகுள் 2016-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கொண்டு, சர்க்கரையால் வரும் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் மாடலைக் காட்டியபோது, அதில் அரவிந்த், சங்கர நேத்ராலயா படங்களும் இருந்தன. பின்னர் தாய்லாந்து கிளினிக்குகளில் அதை இறக்கிப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு படத்தைத் தரம் போதாது என்று மாடல் திருப்பி அனுப்பியது. இருட்டறை இல்லாத கிளினிக், அவசரத்தில் நர்ஸ் எடுத்த படம். மாடல் தப்பில்லை, உள்ளே போன படம் தப்பு. தாடையை நகர்த்தி, இமையைத் தூக்கி, "மேல பாருங்க பாட்டி, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி நல்ல படம் எடுக்க ஒரு ஆள் வேண்டும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது நாலு விஷயம் கேட்டுப் பாருங்கள். என்ன படிச்சிருக்கீங்க, சார்? (கோபப்பட மாட்டார்கள், படித்தவர்களுக்குப் பெருமையாகவே இருக்கும்.) நாற்பது தாண்டியவர் என்றால், கண்ணின் பின்பக்கம் நரம்பைப் பார்த்தீர்களா? பழைய பவருக்கும் புதிய பவருக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? கண்ணாடி போட்ட பிறகு எந்த வரி வரை படிக்க முடிந்தது, அதைச் சீட்டில் எழுதித் தருவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். பவரை மட்டும் எழுதி, அதனால் கிடைத்த பார்வையை எழுதாத சீட்டு பாதிச் சீட்டு. கண்ணாடி போட்டும் 6/6 வரவில்லை என்றால் ஏன் என்று கண் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

குழந்தைகளின் கிட்டப்பார்வை ஏன் இவ்வளவு கூடுகிறது, வெயிலில் விளையாடுவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது தனிக் கதை. குறிப்புகள் சேர்த்து வைத்திருக்கிறேன், அடுத்து அதை எழுதலாம்னு இருக்கேன்.